ரோஷமும் ரூல்ஸும்

ஒலிம்பியாவின் மணலிலிருந்து ராயபுரத்து ரிங் வரை: குத்துச்சண்டையின் விதிகள் யாருக்காக எழுதப்பட்டன?

பழைய கிரேக்கத்துக் குத்துச்சண்டைக்காரனுக்குத் தோற்க இரண்டு வழிகள்தான் இருந்தன. நினைவு தப்பி மண்ணில் விழலாம். இல்லையென்றால் சுட்டுவிரலை உயர்த்தி, போதும் என்று ஒப்புக்கொள்ளலாம். ரவுண்டு கிடையாது, மணி கிடையாது, பாயின்ட் கிடையாது. விரல் உயரும்வரை சண்டை நடக்கும்.

இந்த விரல் விஷயத்தில் ஸ்பார்ட்டாக்காரர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஏழு வயதிலேயே பிள்ளைகளைப் போர்ப்பயிற்சிக்கு அனுப்பிய ஊர் அது. ஆனாலும் குத்துச்சண்டைப் போட்டிக்கும், அதைவிடக் கொடூரமான பங்க்ரேஷன் போட்டிக்கும் தங்கள் ஆட்களை அவர்கள் விடவில்லை என்று புளூட்டார்க் போன்ற பழைய ஆசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அடிக்குப் பயந்தவர்கள் இல்லை அவர்கள். என்றாவது ஒருநாள் ஒரு ஸ்பார்ட்டன் விரலை உயர்த்திவிட்டால் ஊருக்கே தலைகுனிவு என்றுதான் பயந்தார்கள்.

அந்தப் பயம் காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நன்றாகத் தெரிந்த ஒன்று. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளாகப் பிரிந்து நின்று மோதிய வடசென்னையில், ரிங்கில் விழுந்தவன் தனியாக விழவில்லை. அவனுடைய வாத்தியார் விழுந்தார், வாத்தியாருக்கு வாத்தியார் விழுந்தார், பின்னால் நின்ற பேட்டையே விழுந்தது. அதனால்தான் அங்கே நடந்த ஆட்டங்களுக்கு ‘ரோஷமான குத்துச்சண்டை’ என்று பெயர் வைத்து போஸ்டர் ஒட்டினார்கள்.

குத்துச்சண்டையின் வரலாற்றை யார் யாரை வீழ்த்தினார் என்று படிக்கலாம். விதிகள் எப்படி மாறின என்றும் படிக்கலாம். இரண்டாவது வழியில் படித்தால் ஒன்று புலப்படும். ஒரு மனிதன் மானம் கெடாமல், உயிர் போகாமல் தோற்பதற்கு வழி தேடித்தான் இந்த விளையாட்டு இத்தனை நூற்றாண்டுகளாக விதி எழுதிக்கொண்டிருக்கிறது. வடசென்னை அந்த வழியை ரிங்குக்குள் கற்றுக்கொண்டது, ரிங்குக்கு வெளியே கோட்டை விட்டது.

தோல்வாரும் துணிப்பட்டையும்

ரோம் நகரத்தின் மியூசியம் ஒன்றில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. 1885-ல் அந்த நகரத்துக் குன்று ஒன்றைத் தோண்டியபோது கிடைத்தது. சண்டை முடிந்து உட்கார்ந்திருக்கும் குத்துச்சண்டைக்காரன். மூக்கு உடைந்து சப்பையாகியிருக்கிறது. காது இரண்டும் அடிபட்டு அடிபட்டுப் புடைத்து மடங்கிக் கிடக்கின்றன. முகத்திலும் தோளிலும் ரத்தம் வழிவதைக் காட்ட, வெண்கலத்தில் செம்பை இழைத்துப் பதித்திருக்கிறான் சிற்பி. உடம்பில் காயம் குறைவு, காயமெல்லாம் தலையில். கிரேக்கர்கள் பெரும்பாலும் தலையைக் குறிவைத்தே அடித்தார்கள் என்பதற்குப் பானை ஓவியங்களைப் போலவே இந்தச் சிலையும் சாட்சி.

அவன் கைகளைப் பார்க்க வேண்டும். முழங்கைக்குக் கீழே தொடங்கி விரல் முட்டிவரை தோல்வார்கள் இறுகச் சுற்றியிருக்கின்றன. ஆரம்பகாலத்தில் இது மெல்லிய மாட்டுத்தோல் வார்தான். மூன்று நான்கு மீட்டர் நீளத்துக்கு அறுத்து, எண்ணெய் தடவிப் பதமாக்கி, மணிக்கட்டிலும் முட்டியிலும் சுற்றிக்கொண்டார்கள். எதிராளியின் முகத்தைக் காப்பாற்ற அதைச் சுற்றவில்லை. தன் கையெலும்பு உடையாமல் இருக்கத்தான் சுற்றினார்கள். பிற்காலத்தில் முட்டியின்மேல் கெட்டித் தோல்பட்டை ஏறியது. அதன் விளிம்பு கத்தியைப் போல முகத்தைக் கிழித்தது. ரோமானியர்கள் அதில் உலோகத்தையும் சேர்த்து, விளையாட்டைக் கொலைக்களமாக்கினார்கள்.

இன்று வடசென்னையில் ஏதாவது ஒரு பாக்ஸிங் கிளப்புக்குச் சாயங்காலம் போனால், முதலில் கண்ணில் படுவதும் இந்தச் சுற்றும் வேலைதான். துணிப்பட்டை நாலரை மீட்டர் நீளம். முனையில் இருக்கும் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, புறங்கை வழியாக இழுத்து, மணிக்கட்டில் மூன்று சுற்று. பிறகு முட்டிகளின்மேல் மூன்று சுற்று. விரல்களை அகல விரித்துவைத்து ஒவ்வொரு இடுக்கிலும் ஒருமுறை நுழைத்து எடுத்து, கட்டைவிரலைத் தனியாகப் பூட்டி, மீண்டும் மணிக்கட்டுக்கு வந்து ஒட்ட வேண்டும். தளர்ந்தால் எலும்பு நகரும், இறுக்கினால் ரத்தம் நிற்கும். புதுப்பையன் அவசரமாகச் சுற்றினால் வாத்தியார் ஒரு வார்த்தை பேசாமல் மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து சுற்றச் சொல்வார். பையன்கள் முதலில் கற்கும் ஒழுக்கம் இதுதான். குத்துவதற்குக் கற்றுக்கொடுப்பது அப்புறம்.

பயிற்சியிலும் ஒற்றுமை நிறைய. கிரேக்கர்கள் தொங்கவிட்ட பையைக் குத்திப் பழகினார்கள். குத்துச்சண்டைக்காரனுக்கு மாவோ தானியமோ நிரப்பிய இலேசான பை, பங்க்ரேஷன்காரனுக்கு மணல் நிரப்பிய கனமான பை. எதிராளி இல்லாமல் காற்றோடு சண்டைபோடுவதும் உண்டு. அதை நாம் ஷேடோ பாக்ஸிங் என்கிறோம். பயிற்சியின்போது மட்டும் மெத்தென்ற உறை மாட்டிக்கொண்டார்கள், காதுக்குக் காப்பும் போட்டுக்கொண்டார்கள். போட்டியில் அந்த இரண்டும் கிடையாது.

ஒலிம்பியாவின் சட்டம்

ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை சேர்ந்தது கி.மு. 688-ல். முதல் வெற்றியாளன் ஸ்மிர்னா நகரத்து ஓனோமாஸ்டோஸ். விதிகளை வகுத்துக் கொடுத்தவனும் அவனே என்பது கிரேக்கர்களின் நம்பிக்கை. மல்யுத்தம் அதற்கு முன்பே, கி.மு. 708-ல் வந்துவிட்டது. இரண்டையும் கலந்த பங்க்ரேஷன் கி.மு. 648-ல் சேர்ந்தது.

எடைப்பிரிவு இல்லை. ஆண்கள், சிறுவர்கள் என்று இரண்டே பிரிவு. ஐம்பது கிலோக்காரன் நூறு கிலோக்காரனோடு மோதலாம். யார் யாரோடு என்பதைச் சீட்டு தீர்மானித்தது. வெள்ளிக் கலசத்தில் எழுத்துப் பொறித்த சீட்டுகள் கிடக்கும், ஒரே எழுத்தை எடுத்த இருவர் ஜோடி. ஒற்றைப்படையில் ஆள் மிஞ்சினால் அவன் அந்தச் சுற்றில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருப்பான். களைத்துப்போனவனோடு புத்துணர்ச்சியாக மோதும் அதிர்ஷ்டக்காரன் அவன்தான்.

கயிறு கட்டிய ரிங் இல்லாததால் மூலையில் மாட்டிக்கொள்வது என்ற பேச்சே கிடையாது. அதனால் காலாட்டத்தில் வேறு தந்திரங்கள் வளர்ந்தன. அதில் முக்கியமானது வெயில். சுற்றிச் சுற்றி நகர்ந்து சூரியன் எதிராளியின் கண்ணில் படும்படி அவனை நிறுத்திவிட்டால் பாதி வெற்றி. இடதுகையை முன்னால் நீட்டி அரணாக வைத்து, வலதுகையில் அடியைச் சேமிப்பது பொதுவான நிலை. கட்டிப்பிடிக்கக் கூடாது. பிடித்தால் நடுவர் கையிலிருக்கும் பிரம்பு முதுகில் விழும். ஆனால் விழுந்தவனை அடிக்கலாம், எண்ணி முடிக்கும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். சண்டை இழுத்துக்கொண்டே போனால் இருவரும் ஒத்துக்கொண்டு தடுக்காமல் ஆளுக்கொரு அடி மாறி மாறி வாங்கிக்கொள்ளலாம்.

அந்த மாற்றடி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு நேமியா விளையாட்டு விழாவில் நடந்த கதை ஒன்றைக் கிரேக்க ஆசிரியர் பாசானியஸ் சொல்கிறார். கிரியூகஸ், டமோக்ஸீனஸ் இருவரும் பொழுது சாயும்வரை மோதியும் முடிவு வரவில்லை. ஆளுக்கொரு அடி என்று சாட்சிகள் முன்னால் ஒப்பந்தம். கிரியூகஸ் தலையில் அடித்தான், மற்றவன் தாங்கிக்கொண்டான். அடுத்து டமோக்ஸீனஸ் விரல்களை நேராக நீட்டி விலாவுக்குக் கீழே குத்திக் குடலை உருவிவிட்டான். கிரியூகஸ் அங்கேயே இறந்தான். நடுவர்கள் வெற்றியை யாருக்குக் கொடுத்தார்கள்? இறந்தவனுக்கு. ஒரு அடி என்று ஒப்பந்தம், ஐந்து விரலையும் விட்டவன் பல அடி அடித்துவிட்டான் என்பது அவர்கள் வாதம்! கொன்றதற்காக அவனை விரட்டவில்லை, சொன்ன சொல்லை மீறியதற்காக விரட்டினார்கள். விதி என்பது மனித உயிரைக் காக்கவும் பயன்படும் என்ற எண்ணம் அப்போது இன்னும் பிறக்கவில்லை.

எல்லாரும் இப்படியில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கேரியா நாட்டு மெலன்கோமாஸ் என்ற வீரன் வேறு பாணியில் ஆடினான். கையைத் தாழ்த்தாமல் நாள் முழுக்கக் கார்டு வைத்து நிற்பானாம். எதிராளி அடித்து அடித்து, அடி படாமல் சோர்ந்து, தானே விலகிவிடுவான். தான் அடிபடுவதும் அடிப்பதும் இரண்டுமே வீரமில்லை, தாங்கி நிற்பதே வீரம் என்பது அவன் கணக்கு. “கார்ட எறக்காதடா” என்று இன்று மாலை முழுக்கக் கத்தும் வாத்தியார்கள் அவனைக் கண்டால் கும்பிடுவார்கள்.

கடிக்காதே, கண்ணைத் தோண்டாதே

பங்க்ரேஷனில் தடை செய்யப்பட்டவை இரண்டே இரண்டு: கடிப்பதும், கண்ணைத் தோண்டுவதும். மற்றதெல்லாம் நடக்கும். குத்தலாம், உதைக்கலாம், கழுத்தை நெரிக்கலாம், மூட்டைத் திருகலாம், தரையில் புரண்டு மோதலாம். வயிற்றில் உதைப்பது பெயர்போன உத்தி. முதுகில் ஏறிக் கால்களால் இடுப்பைப் பின்னிக்கொண்டு கழுத்தை இறுக்குவது இன்னொன்று. சிகியோன் ஊர்க்காரன் சோஸ்ட்ராடஸ் எதிராளியின் விரல்களை வளைத்தே மூன்று ஒலிம்பிக்கில் ஜெயித்தான். இன்று டிவியில் பார்க்கும் மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸின் பூட்டுகளில் பலவற்றுக்குப் பானை ஓவியங்களிலேயே ஜாடை தெரிகிறது.

இந்த விளையாட்டின் உச்சக்கதை பிகாலியாவைச் சேர்ந்த அரிக்கியோனுடையது. கி.மு. 564, ஒலிம்பிக் இறுதி. எதிராளி பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கிறான். மூச்சு போய்க்கொண்டிருக்கிறது. அரிக்கியோன் விரலை உயர்த்த நினைத்த அந்த நொடியில் அவனுடைய வாத்தியார் எரிக்ஸியாஸ் வெளியிலிருந்து குரல் கொடுத்தார் என்று பழைய ஆசிரியர் பிலோஸ்ட்ராடஸ் எழுதுகிறார். ஒலிம்பியாவில் பணியாமல் செத்தான் என்ற பெயர் எவ்வளவு அழகான கல்வெட்டாகும் என்பது அந்தக் குரலின் சாரம். மாணவன் வாத்தியார் பேச்சைக் கேட்டான். மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி எதிராளியின் காலைத் திருகினான். வலி தாங்காமல் எதிராளி விரலை உயர்த்தினான். அதே நேரத்தில் அரிக்கியோன் உயிர் போனது. பிணத்தின் தலையில் ஆலிவ் மாலை சூட்டினார்கள்.

வாத்தியார் சொன்னது மானம். மாணவன் கொடுத்தது உயிர்.

இந்த உக்கிரத்தின் ஒரு காட்சி இந்திய மண்ணிலும் நடந்தது. அலெக்சாண்டரின் படையோடு பஞ்சாப் பக்கம் வந்திருந்தான் டையாக்சிப்பஸ் என்ற ஏதென்ஸ் பங்க்ரேஷன் வீரன். விருந்தில் குடித்துவிட்டுச் சண்டைக்கு அழைத்த மாசிடோனியப் போர்வீரன் கொராகஸ், கவசம், ஈட்டி, வாளோடு வந்தான். டையாக்சிப்பஸ் உடம்பில் எண்ணெயும் கையில் ஒரு தடியும் மட்டும் வைத்துக்கொண்டு வந்தான். ஈட்டியைத் தடியால் ஒடித்து, வாளை உருவுவதற்குள் கையைப் பிடித்து, காலை வாரிவிட்டுக் கழுத்தில் பாதம் வைத்து நின்றான். ஜெயித்தான். ஆனால் மன்னர் முன்னால் தங்கள் ஆள் அவமானப்பட்டதை மாசிடோனியர்கள் பொறுக்கவில்லை. பிறகொரு விருந்தில் தங்கக் கோப்பை திருடியதாக அவன்மேல் பழி போட்டார்கள். அவன் தன் வாளாலேயே உயிரை விட்டான். ரிங்கில் தீர்ந்த கணக்கை வெளியே தீர்ப்பது புதுப்பழக்கம் இல்லை.

நம் பக்கமும் மற்போர் பழசுதான். ஆமூர் மல்லனை உறையூர்ச் சோழ இளவரசன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் மூன்று பாடல்களாகப் பாடியிருக்கிறார். ஒரு காலை எதிராளியின் மார்பில் அழுத்தி, இன்னொரு காலைப் பின்னால் கொடுத்து வளைத்த பிடியை அவர் சொல்லும் விதத்தில், பங்க்ரேஷன் தெரிந்தவர்களுக்கு அது என்ன பூட்டு என்பது விளங்கிவிடும். அந்தப் பாட்டிலும் ரோஷம் உண்டு. மகனோடு பிணங்கியிருக்கும் தந்தை தித்தன் இந்த வெற்றியைப் பார்த்திருக்க வேண்டும் என்று புலவர் ஆசைப்படுகிறார். கிரேக்கத்துக்கும் ஆமூருக்கும் முடிச்சுப் போடத் தேவையில்லை. இரண்டு ஊரிலும் மனிதர்கள் ஒரே மாதிரி சண்டை போட்டார்கள், ஒரே மாதிரி வீட்டுக்குத் தெரியட்டும் என்று ஏங்கினார்கள்.

கப்பலில் வந்த சட்டம்

வடசென்னைக்கு வந்த குத்துச்சண்டை ஒலிம்பியாவிலிருந்து வரவில்லை, லண்டனிலிருந்து வந்தது. அங்கே 1743-ல் ஜாக் பிராட்டன் என்ற சாம்பியன் ஒரு விதித்தொகுப்பை எழுதினார். அவரோடு மோதிய ஒருவர் இறந்துபோனது அதற்கு ஒரு காரணம் என்பார்கள். விழுந்தவனை அடிக்காதே, இடுப்புக்குக் கீழே பிடிக்காதே என்ற சட்டம் அப்போதுதான் எழுத்தில் ஏறியது. 1867-ல் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரில் வெளியான விதிகள் இன்றைய பாக்ஸிங்கை உருவாக்கின. கையில் கிளவுஸ் கட்டாயம். மூன்று நிமிடம் ஒரு ரவுண்டு, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. விழுந்தவனுக்குப் பத்து எண்ணும்வரை அவகாசம்.

பத்து எண்ணுவது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் எழுந்திருக்காமல் இருப்பதற்கு ஒருவனுக்குக் கிடைத்த கௌரவமான வாய்ப்பு அது. விரலை உயர்த்த வேண்டாம், வாயைத் திறந்து சொல்ல வேண்டாம். எண்ணி முடிப்பவர் நடுவர், தோல்வியை அறிவிப்பவரும் நடுவர். பாயின்ட் முறை வந்தபோது இன்னும் நல்லதாயிற்று. நின்றபடியே தோற்கலாம். மூலையில் நிற்கும் வாத்தியார் துண்டை வீசலாம் என்ற வழக்கம் எல்லாவற்றிலும் பெரிது. எரிக்ஸியாஸ் மாணவனின் உயிரை எடுத்த அதே இடத்தில் நின்று, இன்றைய வாத்தியார் மாணவனின் உயிரைக் காப்பாற்றலாம்.

இந்தச் சட்டத்தோடு கப்பலேறி வந்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் மாலுமிகளும். துறைமுகம் பக்கத்திலேயே இருந்தது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியதிலிருந்து ரயில்வேயும் அதன் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் இந்தப் பகுதியின் வாழ்க்கையில் கலந்துவிட்டன. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள். கடலில் மீனவர்கள், ஹார்பரில் மூட்டை தூக்குபவர்கள், மில்லில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள்: உடம்பால் பிழைத்த ஜனம். குஸ்தியும் சிலம்பமும் குத்துவரிசையும் ஏற்கெனவே தெரிந்தவர்கள். கிளவுஸ் போட்ட இந்தப் புது ஆட்டத்தை அவர்கள் ‘ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

பரம்பரை என்ற வீடு

கிரேக்கத்திலும் குத்துச்சண்டைப் பரம்பரை உண்டு. ரோட்ஸ் தீவைச் சேர்ந்த டயகோரஸ் கி.மு. 464-ல் ஒலிம்பிக் ஜெயித்தார். அவருடைய மகன்கள் மூவரும், மகள்வழிப் பேரன்கள் இருவரும் குத்துச்சண்டையிலும் பங்க்ரேஷனிலும் ஒலிம்பிக் மாலை வாங்கினார்கள். கி.மு. 448-ல் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு மகன்கள் ஜெயித்து, அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்தார்கள். ரோட்ஸ் விமான நிலையத்துக்கு இன்றும் டயகோரஸ் பெயர்தான்.

ஆனால் அது பணக்காரப் பிரபுக் குடும்பம், ரத்த உறவு. வடசென்னையின் பரம்பரையில் ரத்த உறவு தேவையில்லை. வாத்தியாரிடம் சேர்ந்தவன் எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அந்தப் பரம்பரைக்காரன். மீனவர், தலித், முஸ்லிம், ஆங்கிலோ-இந்தியர் என்று எல்லாரும் ஒரே கொட்டகையில் பயிற்சி எடுத்தார்கள். காலையில் கடற்கரை மணலில் ஓட்டம், வேலைக்குப் போய் வந்த பிறகு சாயங்காலம் பயிற்சி. சமுதாயத்தில் எங்கும் கிடைக்காத மரியாதை மேடையில் கிடைத்தது. இன்னார் பரம்பரை என்று சொன்னால் பேட்டையில் வழிவிட்டு நின்றார்கள். கண்ணப்பர் திடல் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கில் டிக்கெட் வாங்கிக் கூடிய கூட்டம், தன் தெருக்காரனைப் பார்க்க வந்த கூட்டம்.

அந்தக் காலத்துக் கதைகளில் முதலிடம் சார்பட்டா பரம்பரையின் கித்தேரி முத்துவுக்கு. 1940-களில் மெட்ராஸ் வீரர்களை வரிசையாக வீழ்த்திக்கொண்டிருந்த நாட் டெர்ரி என்பவரை அவர் வீழ்த்தினார் என்றும், பெரியார் அவருக்கு ‘திராவிட வீரன்’ பட்டம் கொடுத்தார் என்றும் வடசென்னை இன்றும் பெருமையோடு சொல்கிறது. வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தில் வெள்ளைக்காரனையே அடித்த கதை என்பதால் அது விளையாட்டுச் செய்தியோடு நிற்கவில்லை, அரசியலாகவும் ஆனது. திராவிட இயக்கத்துக்கும் கம்யூனிஸ்ட் தொழிற்சங்கங்களுக்கும் வேர்பிடித்த மண் இது. பாக்ஸர்கள் கட்சி மேடைகளிலும் நின்றார்கள், கட்சிக்காரர்கள் ரிங்கைச் சுற்றியும் உட்கார்ந்தார்கள்.

1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சி ஆட்டம் ஆடியபோது அலைமோதிய கூட்டத்தில் வடசென்னையின் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலையில் ஓடிடியில் வெளியான பிறகு இந்த உலகத்தைத் தமிழகம் முழுக்கத் தெரிந்துகொண்டது. அதற்கு முன்பே 2015-ல் ‘பூலோகம்’ வடசென்னைப் பரம்பரைப் பகையைப் பேசியது. 2016-ல் ‘இறுதிச்சுற்று’ மீன் விற்கும் பெண்ணின் கையில் கிளவுஸை மாட்டியது. ‘சார்பட்டா’வில் ரசிகர்கள் விசிலடித்தது டான்சிங் ரோஸின் காலாட்டத்துக்கு. ஆனால் படத்தின் கதை திரும்பும் இடம் வேறு. நாயகன் கபிலன் ஜெயிக்கும் தறுவாயில் ரிங்குக்குள் ஆட்கள் ஏறி, நாற்காலி பறந்து, ஆட்டமே சிதறிப்போகும் காட்சி அது. வடசென்னை பாக்ஸிங்குக்கு நடந்ததும் அதுதான்.

ரிங்குக்கு வெளியே

குவீன்ஸ்பெரி சட்டம் நான்கு கயிற்றுக்குள் செல்லும். கயிற்றுக்கு வெளியே நிற்கும் பேட்டைக்கு அது எதையும் சொல்லவில்லை. பத்து எண்ணி முடித்த பிறகும் பரம்பரையின் கணக்கு முடியாது. அடுத்த சவால், அடுத்த ஆட்டம், நடுவர் தீர்ப்பில் சந்தேகம், வெளியே கைகலப்பு, அதற்கொரு பழிவாங்கல். பயிற்சி பெற்ற கைகளுக்கு வேறு வேலை கொடுக்கவும் ஆட்கள் காத்திருந்தார்கள். அரசியல், கட்டப்பஞ்சாயத்து, அடியாள் தொழில் என்று பல திசைகளில் அந்தக் கைகள் இழுக்கப்பட்டன. மேடைக்கு அனுமதி கிடைப்பது அரிதானது. குடும்பத்தோடு பார்த்த கூட்டம் விலகியது.

கிரேக்கர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. கி.மு. 492-ல் கிளியோமெடிஸ் என்ற வீரன் ஒலிம்பியாவில் எதிராளியைக் கொன்றுவிட்டான். நடுவர்கள் வெற்றியைப் பறித்தார்கள். அவமானத்தில் புத்தி பேதலித்து ஊருக்குத் திரும்பியவன், பள்ளிக்கூடத்தைத் தாங்கிய தூணை இடித்துத் தள்ளினான். உள்ளே இருந்த அறுபது பிள்ளைகள்மேல் கூரை விழுந்தது என்கிறார் பாசானியஸ். தோல்வியை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாதவனிடம் பலம் இருந்தால் ஊர் அதற்கு விலை கொடுக்கும்.

ரோஷத்தை மட்டும் குறைசொல்லி முடித்துவிட முடியாது. பரம்பரையைத் தாங்கிய பொருளாதாரமும் கரைந்தது. பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் 1996-ல் நிரந்தரமாக மூடப்பட்டன. துறைமுகத்தில் கன்டெய்னர் வந்த பிறகு மூட்டை தூக்கும் ஆட்கள் தேவைப்படவில்லை. ஷிஃப்ட் முடிந்து ஒரே நேரத்தில் வெளியே வரும் ஆயிரம் பேர் என்ற ஒன்று இல்லாமல்போனபோது, அவர்கள் கூடிய கொட்டகைகளும் ஒவ்வொன்றாக இருட்டாயின. வாத்தியாருக்குத் தட்சணை கொடுக்க வழியில்லாத பையன் ஆட்டோ ஓட்டப் போனான்.

இன்றைய ரிங்

ஆனாலும் ஆட்டம் சாகவில்லை, அமெச்சூர் பாக்ஸிங்காக உருமாறியது. சென்னையின் வி. தேவராஜன் 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார், அர்ஜுனா விருதும் பெற்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவு சேர்ந்து மேரி கோம் வெண்கலம் வென்ற பிறகு, வடசென்னைக் கிளப்புகளில் பெண் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் பல அம்மாக்களைச் சம்மதிக்க வைக்கிறது.

விதிகளும் மாறிக்கொண்டேயிருக்கின்றன. 1982-ல் ரே மன்சினியுடன் லாஸ் வேகாஸில் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ பதினான்காவது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்தார். அந்த மரணத்துக்குப் பிறகுதான் தொழில்முறைச் சாம்பியன் ஆட்டம் பதினைந்து ரவுண்டிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தது. அமெச்சூர் பாக்ஸிங்கில் மூன்று ரவுண்டு மட்டும். ஆட்டத்துக்கு முன் எடை பார்ப்பார்கள், டாக்டர் சோதிப்பார். தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனவன் குறைந்தது 30 நாள் ரிங் பக்கம் வரக்கூடாது. மூன்று மாதத்துக்குள் இரண்டாவது முறை ஆனால் 90 நாள். ஒரு வருடத்தில் மூன்று முறை என்றால் ஒரு வருடம். பையன் எவ்வளவு ரோஷத்தோடு நாளைக்கே ஆடுகிறேன் என்றாலும் விதிப்புத்தகம் ஒத்துக்கொள்ளாது. அவன் ரோஷத்திலிருந்தே அவனைக் காப்பாற்றும் விதி இது.

காகிதத்தில் இருப்பது ரிங்கில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கோபாலபுரத்தில் 2025-ல் அரசு நவீன வசதிகளோடு ஒரு குத்துச்சண்டை அகாடமியைத் திறந்தது. நல்ல விஷயம். ஆனால் எண்ணூர் கத்திவாக்கத்திலிருந்து கோபாலபுரம் போய்வர ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு எத்தனை பஸ், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அதிகாலையில் ஓடிப் பழகும் பையன்கள் சுவாசிக்கும் காற்று என்ன காற்று என்பதையும் நினைக்க வேண்டும். 2023 டிசம்பரில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடிய ஊர் அது. மூச்சில்தான் மூன்று ரவுண்டும் ஓடுகிறது.

பரம்பரைப் பெருமை வேண்டும். அது இல்லாமல் எந்தப் பையனும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஓட மாட்டான். ஆனால் பரம்பரையின் பெருமையைத் தோல்வியைத் தாங்குவதிலும் காட்டலாம். துண்டை வீசிய வாத்தியாரைப் பயந்தவர் என்று சொல்லாத பேட்டைதான் நல்ல பேட்டை. புள்ளிகளில் தோற்றவனுக்கும் மேடையில் கைதட்டும் கூட்டம்தான் அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கும் கூட்டம்.

அடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு வடசென்னையில் என்றும் பஞ்சமில்லை. தகுதி பெற்ற நடுவர்களுக்குப் பஞ்சம் இருக்கிறது. ரிங் ஓரத்தில் உட்கார டாக்டர் வேண்டும். நாக் அவுட் ஆன பையனின் பெயரைத் தேதியோடு எழுதிவைக்க ஒரு நோட்டும், அந்த நோட்டைத் திறந்து பார்க்காமல் அடுத்த ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்காத ஒரு வாத்தியாரும் வேண்டும். காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் நடந்தே வரக்கூடிய தூரத்தில், சாயங்காலம் விளக்கெரியும் ஒரு ஹால் வேண்டும். இவ்வளவையும் செய்து கொடுத்தால், மிச்சத்தை அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.